அட்டிக் மூடிக்கு இன்சுலேஷன் என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தை உருவிவிட்டார்கள், உஷார்!

கடுப்பில் எழுதுகிறேன், கோர்வையாக வராது.

அட்டிக், அதாவது அறையின் உள்கூரைக்கும் வீட்டின் மேல்கூரைக்கும் நடுவே உள்ள இடம்; அதற்குள் ஏற உள்கூரையில் ஒரு சதுர மூடி இருக்குமே, அதில்தான் பிரச்சினை. சூடான காற்று மேலே ஏறும் என்பதால், குளிர்காலத்தில் அந்த மூடியைச் சுற்றி இருக்கும் சின்ன இடுக்குகூடப் புகைபோக்கி மாதிரி இழுக்கும். ஹீட்டருக்குக் கொட்டும் காசு அப்படியே மேலே போகும். அதை அடைக்கத்தான், வேலையாட்களை அனுப்பிவைக்கும் ஒரு செயலி மூலம் ஆள் பிடித்தேன். கேட்டது என் அரை மாதச் சம்பளம். "ஆர்-வேல்யூ 15 சார், கரன்ட் பில்லே பாதியாகிடும்" என்றார் வந்தவர். ஆர்-வேல்யூ என்றால் சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு; கூடுதலாக இருந்தால் நல்லது.

நம்ப வைத்த விதம்தான் இன்னும் எரிகிறது. கையில் தெர்மல் கேமரா, சூட்டைச் சிவப்பாகவும் குளிரை நீலமாகவும் காட்டுவது. அட்டிக்குக்குள் ஏறி, மூடியைச் சாத்திவிட்டு, மேல்பக்கத்தைப் படம் எடுத்தார். ஒரே சிவப்பு. பளபளவென்று ஒரு ஷீட்டை ஒட்டிவிட்டு மறுபடி எடுத்தார். ஒரே நீலம். "நீங்களே பாருங்க சார், சூடு நின்னுடுச்சு" என்று கேமராவை என் கையிலேயே கொடுத்தார். கண்ணால் பார்த்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

ராத்திரி ஊதுபத்தியைக் கொளுத்தி மூடியின் ஓரமாகப் பிடித்தால், புகை நேராக இடுக்குக்குள் போகிறது! ஏறிப் பார்த்தேன். மூடி உட்காரும் சட்டத்தில், இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையே இல்லை. ஷீட்டின் மூலை அதற்குள் பெயர்ந்து தொங்குகிறது. மூடிக்கு நேர் மேலே கூரை ஆணிகளின் முனையில் உறைபனி முத்து முத்தாகக் கட்டியிருந்தது. வீட்டின் ஈரக்காற்றுதான், வேறென்ன?

அப்புறம்தான் சூட்சுமம் தெரிந்தது. பளபளக்கும் பரப்பின் சூட்டைத் தெர்மல் கேமரா சரியாகக் காட்டாது; எதிரே இருப்பதன் சூடு அதில் பிரதிபலிக்கும். எதிரே இருந்தது சில்லிட்ட கூரை. நீலமாகத் தெரியாமல் என்ன செய்யும்? சூட்டைத் தடுக்கப் போடும் கெட்டியான ஃபோம் போர்டிலேயே ஒரு அங்குலத்துக்கு 4 முதல் 6 வரைதான் ஆர்-வேல்யூ. 15 வேண்டுமென்றால் குறைந்தது இரண்டரை அங்குலக் கனம் வேண்டும். இவர் ஒட்டியது சில மில்லிமீட்டர் பபிள் ஷீட். அதற்கு அரை மாதச் சம்பளம்!

போன் செய்தால், "செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும் சார்." திரும்பச் செய்தால், "உங்க வீட்டுச் சட்டமே கோணல்." அப்புறம் எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ, "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கமிஷன் எடுக்கும்போது மட்டும் அறிமுகம் இல்லை போல! பில்லில் "மூடி வேலை" என்று ஒரே வரி. கனமும் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. அரை மாதச் சம்பளம் போனது போனதுதான்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பொருள், கனம், ஆர்-வேல்யூ மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். முதலில் ரப்பர் பட்டை, மூடி அதில் அழுந்தி உட்கார ஒரு கொக்கி, அதற்குப் பிறகுதான் போர்டு. பளபளப்பு மேல் காட்டும் கேமராப் படத்தை நம்பவே நம்பாதீர்கள். புகை வைத்துப் பார்க்கும் வரை பணத்தைக் கையிலிருந்து விடாதீர்கள்.