கடிகாரமா, பேக்கேஜா, கூட வரும் ஆளா?

சித்திக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த நாளுக்கும் முதல் கீமோ ஏறிய நாளுக்கும் நடுவில் 74 நாள். அதில் பரிசோதனை, ஸ்கேன் என்று உருப்படியாக ஏதாவது நடந்தது பத்து நாள்கூட இருக்காது. பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஐ.எச்.சி. தேவை' என்று இருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று சொல்வது அந்தச் சோதனைதான். அதற்குத் திசு பதித்த மெழுகு பிளாக்கை நாங்களே எழுதிக்கொடுத்து வாங்கி, வேறொரு லேபில் சேர்க்க வேண்டுமாம். யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் தானாக வரும் என்று 12 நாள் காத்திருந்தோம். பிளாக் பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

டாக்டர்கள் நல்லவர்கள், மெஷின்களும் இருந்தன. கவுண்டருக்கும் கவுண்டருக்கும் நடுவில்தான் நாள் போனது. இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஊர்கள் மூன்று வழிகளைப் பிடித்தன. மூன்றிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் 12 நாளை நீ மிச்சம் பிடித்திருப்பாயா?

இங்கிலாந்து கடிகாரத்தை நம்பியது. குடும்ப டாக்டருக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் வந்தால் இரண்டு வாரத்துக்குள் ஸ்பெஷலிஸ்ட் பார்த்தாக வேண்டும் என்ற விதி, 1999-இல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்து, 2000 முடிவதற்குள் மற்ற வகைகளுக்கும் விரிந்தது. அவசரப் பரிந்துரையிலிருந்து சிகிச்சை தொடங்க 62 நாள் என்ற வரம்பும் பின்னால் சேர்ந்தது. நூற்றுக்கு 85 பேருக்காவது அது நடக்க வேண்டும் என்பது இலக்கு. 2015-க்குப் பிறகு பல ஆண்டுகளாக அந்த இலக்கைத் தொட முடியவில்லை.

கடிகாரத்தில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனை நாள் ஆகிறது என்று ஊரறிய எண்ணிச் சொல்வதே பெரிய காரியம். நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் எத்தனை அதைச் சொல்கின்றன? ஆனால் எதை அளக்கிறோமோ அதுதான் சீராகும். இரண்டு வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்தாயிற்று, கணக்கில் டிக் விழுந்தாயிற்று, அப்புறம் ஸ்கேனுக்கு மறுபடி வரிசை. அவர்களுக்கே இது புரிந்துதான் 2023 அக்டோபரில் இரண்டு வார விதியைக் கைவிட்டு, 28 நாளுக்குள் 'புற்றுநோய் உண்டு' அல்லது 'இல்லை' என்று நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பிளாக் விஷயத்தில் கடிகாரம் என்ன செய்திருக்கும்? 62-ஆம் நாள் மணி அடித்திருக்கும். அவ்வளவுதான்.

டென்மார்க்கின் கதை வேறு. அங்கே தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்கள் கதிர்வீச்சுக்குக் காத்திருந்த சில வாரங்களிலேயே பலருக்குக் கட்டி வளர்ந்துவிட்டதை ஸ்கேனை வைத்தே மருத்துவர்கள் காட்டினார்கள். பக்கத்து நாடுகளைவிடத் தங்கள் நோயாளிகள் சீக்கிரம் சாகிறார்கள் என்ற உறுத்தலும் ஏற்கெனவே இருந்தது. 2007-இல் அரசும் மாநிலங்களைப் போன்ற அதன் வட்டார நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசி, புற்றுநோயை அவசர நோயாகவே நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். அப்படி வந்தவைதான் புற்றுநோய் பேக்கேஜ்கள்.

நம்மூர் ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் என்றால் ரூபாய். இன்ஷூரன்ஸில் எவ்வளவு வரும், கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. டேனிஷ்காரர்களின் பேக்கேஜில் இருப்பது நாள். ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் எந்தச் சோதனை முதலில், எது அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், பல துறை டாக்டர்கள் கூடிப் பேசுவது எப்போது என்று எழுதி வைத்துவிட்டார்கள். சந்தேகம் வந்ததுமே அடுத்தடுத்த இடங்களில் நேரம் குறித்துவிடலாம். ஒரு ரிப்போர்ட் வந்த பிறகுதான் அடுத்த சீட்டு என்ற பேச்சே இல்லை. இதைக் கவனித்துக்கொள்ள ஒரு ஒருங்கிணைப்பாளரும் உண்டு. இந்த ஏற்பாட்டில் ஐ.எச்.சி.க்காக நோயாளி வீட்டார் அலைய வேண்டியிருக்காது. 12 நாளும் மிச்சம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 2012-இல் அவர்கள் சேர்த்த இன்னொரு பாதை. கட்டி இல்லை, ரத்தம் போகவில்லை, ஆனால் எடை குறைகிறது, ஓயாத அசதி. இப்படித் தெளிவில்லாத அறிகுறியோடு வருபவர்களுக்கென்றே தனிப் பாதை. ஏனென்றால் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் 'இது புற்றுநோயாக இருக்கலாம்' என்று சொல்லும் அறிகுறியோடு வருகிறார்கள். மீதிப்பேருக்கு எந்தக் கடிகாரமும் ஓடத் தொடங்குவதே இல்லை.

ஸ்வீடனும் நார்வேயும் 2015-இல் இந்த முறையை எடுத்துக்கொண்டன. டென்மார்க்கில் உயிர்பிழைப்போர் விகிதமும் ஏறியது. ஆனால் அதே காலத்தில் சிக்கலான அறுவை சிகிச்சைகளைச் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் குவித்தார்கள் என்பதால் புகழ் முழுவதையும் பேக்கேஜுக்கே கொடுக்க முடியாது. இன்னொன்று: முன்கூட்டியே நேரம் குறிக்க, காலி நேரம் இருந்தாக வேண்டும். சர்ஜனும் தியேட்டரும் போதாமல் போனால் அட்டவணை வெறும் காகிதம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் குடல் புற்றுநோயாளிகள் பலர் சட்டம் சொன்ன இரண்டு வார வரம்பைத் தாண்டிக் காத்துக்கிடந்தது 2023-இல் வெளியே வந்து நாடே கொந்தளித்தது.

மூன்றாவது வழி நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தது. அங்கே அறுவை மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஃப்ரீமன், தன்னிடம் வரும் ஏழைக் கறுப்பினப் பெண்களில் பாதிப்பேர் நோய் முற்றிய பிறகே வருவதைப் பார்த்தார். ஐந்தாண்டு தாண்டியவர்கள் 39 சதவீதம்தான். 1990-இல் அவர் வைத்தது மெஷின் இல்லை, ஆள். நோயாளியோடு கூடவே போய், சீட்டு, இன்ஷூரன்ஸ், பஸ் காசு, பயம் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் வழிகாட்டி. பின்னால் வந்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 70 சதவீதம். இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் மார்பகப் பரிசோதனை தந்ததும் கூடவே நடந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் இப்படி வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருகிறது. திட்டத்தின் பெயர் கேவட். இராமனைக் கங்கை கடத்திவிட்ட ஓடக்காரர். நமக்குக் குகன் நினைவுக்கு வருவார். பெயர் வைத்தவருக்கு ஆஸ்பத்திரி வராந்தா தெரிந்திருக்கிறது.

வழிகாட்டி இருந்திருந்தால் பிளாக் மறுநாளே லேபுக்குப் போயிருக்கும். ஆனால் அவர் லீவு போட்டால்? ஓட்டை அப்படியே இருக்கிறது, அதில் ஒரு ஆள் கையை வைத்து அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்படியும் நான் வழிகாட்டி பக்கம்தான். டேனிஷ் பேக்கேஜ் மூன்றிலும் சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் நம் அரசு ஆஸ்பத்திரியில் நாளைக்கே கொண்டுவந்தால், ரேடியேஷன் மெஷினுக்கு நிற்கும் வரிசை அட்டவணையைத் தின்றுவிடும். முதலில் வார்டுக்கு இரண்டு வழிகாட்டிகள், பல துறை டாக்டர்கள் வாரம் தவறாமல் கூடிப் பேசும் ட்யூமர் போர்டு. கிளாஸ்கோவில் மார்பகப் புற்றுநோய்க்கு இப்படிக் கூடிப் பேசும் முறை வந்த பிறகு, அது வராத பக்கத்துப் பகுதிகளைவிட இறப்பு 18 சதவீதம் குறைந்தது. வழிகாட்டிகள் எங்கே எத்தனை நாள் தொலைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே, நமக்கான பேக்கேஜை எழுத வேண்டிய விவரம் கையில் இருக்கும்.

ஆறாவது கீமோவுக்குப் போனபோது நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். சித்தி பக்கத்து நாற்காலிப் பெண்ணின் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, பிளாக்கை நீங்களே போய் வாங்கணும். இரண்டாவது மாடி, கடைசி கவுண்டர். பன்னிரண்டு மணிக்கு மூடிடுவாங்க, இப்பவே ஓடு."