பத்மநாபசுவாமி கோயில் போறவங்க கவனத்துக்கு: பலராமபுரம் கைத்தறின்னு சொல்லி என் பாட்டிக்கு விசைத்தறித் துணியைக் கொடுத்துட்டாங்க

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துல இருந்து சனி ஞாயிறுல திருவனந்தபுரம் போறவங்க, முக்கியமா வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதைப் படிச்சிடுங்க.

நான் இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். இந்தக் கோடை லீவுல ரெண்டு மாசம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இன்டர்ன்ஷிப், தங்கினது கழக்கூட்டத்துல ஒரு பி.ஜி. முதல் மாச ஸ்டைபண்ட் 8,000 ரூபாய் வந்ததும் அம்மாவையும் பாட்டியையும் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன். பாட்டிக்கு வயசு 80 நெருங்குது. 1956 நவம்பர் 1-ந் தேதி எங்க கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தப்ப அவங்க சின்னப் பிள்ளை. அதுவரைக்கும் அவங்களுக்குத் தலைநகரம்னா அது திருவனந்தபுரம்தான். பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணத் துணி எல்லாத்துக்கும் அங்கதான் போவாங்களாம். கடைசியா எப்போ வந்தோம்கிறதே அவங்களுக்கு மறந்துபோச்சு. என் சம்பாத்தியத்துல அவங்களுக்கு ஒரு முண்டும் நேரியதும் (இடுப்புல கட்டுற வேட்டியும் மேல போடுற துண்டும் சேர்ந்த செட்) எடுத்துக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை.

குழித்துறையில ரயில் ஏறி ரெண்டு பேரும் திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கிற தம்பானூர்ல வந்து இறங்கினாங்க. வெளிய வந்ததுமே ஒரு ஆட்டோக்காரர், "மக்களே, மார்த்தாண்டமா? நமக்குப் பாறசாலை. பாட்டியம்மா வெயில்ல நிக்கண்டாம், ஏறுங்க"ன்னார். வந்து ஒரு மாசமா காதுல மலையாளமும் இங்கிலீஷும்தான். "மக்களே"ன்னு கேட்டதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. மீட்டர் போடச் சொல்லணும்னு தோணவே இல்ல. ஸ்டேஷன் வாசல்லயே ப்ரீபெய்டு ஆட்டோ கவுன்டர் இருக்கு. கேரளாவுல 2022-ல இருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய்தான். கோயில் இருக்கிற கிழக்கே கோட்டை அந்த தூரத்துக்குள்ளேயே வந்துடும். நாங்க கொடுத்தது 200.

போற வழியில என்னைத் திரும்பிப் பார்த்து, "சுடிதாரோட உள்ள விடமாட்டாங்க, முண்டு வேணும். நெசவுக்காரங்க நேரடியா விக்கிற கடை ஒண்ணு இருக்கு, அங்க எடுத்துக்கலாம்"னார். சுடிதாருக்கு மேல முண்டு சுத்திக்கணும்கிறது நிஜம்தான். ஆனா அதுக்கான சாதா முண்டு கோயில் பக்கத்துலயே கிடைக்கும். அதுக்காக சந்துக்குள்ள ஒரு கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல.

கடையில உட்கார வச்சு காபி கொடுத்தாங்க. பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணு: "புளியிலைக்கரை இருக்கா?" புளியிலை அகலத்துக்கு மெல்லிசா ஓடுற கரை அது. அவங்க கல்யாணத்துக்கு எடுத்ததும் அதுதான். "அதெல்லாம் இப்ப யாரும் கேக்கிறதில்ல பாட்டியம்மா"ன்னு சொல்லி அகலக் கசவு, அதாவது சரிகைக் கரை வச்ச ஒரு செட்டை விரிச்சாங்க. அசல் பலராமபுரம் கைத்தறியாம். விலை 4,600, நம்ம ஊர்க்காரங்கன்னு 3,400. பாட்டி துணியோட ஓரத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ரொம்ப நேரம் தேய்ச்சுப் பார்த்தாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, "நல்லாயிருக்கு மக்களே"ன்னாங்க. அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

கோயில் நல்லா அமைஞ்சுது. மூணு வாசல் வழியா முகம், நாபி, பாதம்னு பாட்டி நின்னு நிதானமா சேவிச்சாங்க. வெளிய வந்து, கோயில் பக்கத்துல இருக்கிற மேத்தன் மணிங்கிற பழைய பொம்மைக் கடிகாரம் அடிக்கிற வரைக்கும் காத்திருந்தோம். அதுல இருக்கிற ரெண்டு ஆட்டுப் பொம்மையும் ஓடி வந்து தாடிக்காரன் பொம்மையோட கன்னத்துல முட்டினதும் பாட்டி கை தட்டினாங்க. அந்த நாளை நினைச்சா முதல்ல ஞாபகம் வரவேண்டியது இதுதான். வர்றது அந்தக் கடை.

முதல் சலவையில கஞ்சி போயி துணி வலை மாதிரி தொங்கிருச்சு. ரெண்டாவது சலவையில கசவு மங்கி செம்பு நிறத்துக்கு வந்துருச்சு. பாட்டியோட சிநேகிதி மகன் பலராமபுரத்துல தறி நெய்யுறார். அவர்கிட்ட எடுத்துட்டுப் போனோம். மார்த்தாண்டத்துல இருந்து தலைநகரம் போற ஒவ்வொரு பஸ்ஸும் அந்த ஊர் வழியாத்தான் போகுது, நான் ஒரு நாளும் இறங்கினதில்ல. மகாராஜா பலராம வர்மா காலத்துல, 1800-ஐ ஒட்டி, நம்ம பக்கத்துல இருந்து போய்க் குடியேறின சாலியர்கள்தான் அங்க நெசவைத் தொடங்கினவங்க. துணியைக் கையில வாங்கினதுமே, "இது விசைத்தறி. 700 ரூபாய்க்கு மேல போவாது"ன்னார். கசவும் வெறும் செம்புச் சரிகைதானாம்.

அவர் காட்டிக் கொடுத்ததை அப்படியே சொல்றேன். பலராமபுரத்துல குழித்தறியில கையாலேயே நாடாவை எறிஞ்சு நெய்யுறாங்க. அந்தத் துணிக்கு முன்பக்கம், பின்பக்கம்னு கிடையாது, கரையும் கசவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எங்க துணியில கசவோட பின்னாடி நூல் பிசிறு நீட்டிட்டு இருந்துச்சு. தறியில துணியை அகலமா இழுத்துப் பிடிக்கிற முள் குத்தின சின்னச் சின்னத் துளைகள் கைத்தறித் துணியோட ஓரத்துல வரிசையா தெரியும். ஆனா சில விசைத்தறியிலயும் அந்தத் துளை விழுமாம், அதனால அதை மட்டும் நம்பிடாதீங்க. 2006-ல அரசாங்கம் கொண்டுவந்த கைத்தறி முத்திரை லேபிள் துணியில இருக்கான்னு பாருங்க. பலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. தேடி அலைய நேரமில்லன்னா கேரள கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான ஹான்டெக்ஸ் கடைக்கோ பலராமபுரத்து நெசவாளர் சங்கத்துக்கோ நேரா போயிடுங்க.

துணியை எடுத்துட்டு மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். "நனைச்ச துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம்"னாங்க. பில்லை நீட்டினேன். அதுல கடை பேரு இல்ல, ஜி.எஸ்.டி. எண் இல்ல, மேல 'எஸ்டிமேட்'னு மட்டும் அச்சடிச்சிருந்துச்சு. அன்னைக்கே கவனிச்சிருக்கணும். நான் வாசல்ல நின்னுட்டிருக்கும்போதே இன்னொரு ஆட்டோவுல இருந்து ஒரு குடும்பம் இறங்குச்சு, தமிழ்தான். ஓட்டுநர் உள்ள போய் ஏதோ வாங்கிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டார். நான் அந்த அம்மாகிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். அவங்க துணி எடுக்காம திரும்பிட்டாங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிவு பண்ணியாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். அதனால நாகர்கோவில்ல இருக்கிற நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிட்டு இருக்கேன். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. பணம் கொடுத்தது ஜிபேல, அதனால பணம் யாருக்குப் போச்சுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு.

கிழக்கே கோட்டைப் பக்கம் ஆட்டோக்காரர் கூட்டிட்டுப் போன கடையில துணி எடுத்து, உங்க கையிலயும் கடை பேரே இல்லாத 'எஸ்டிமேட்' பில் இருந்தா அதைக் கிழிச்சுப் போடாதீங்க. துணியையும் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துப் பத்திரமா வச்சு, நீங்களும் 1915-ல பதிவு பண்ணுங்க.