எங்கள் சமுதாயக் கூடத்தின் மின் பாதுகாப்புச் சோதனை: அளவெடுப்பு நன்று, அறிக்கை பாதி

கேரளத்தின் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் நாங்கள் நடத்திவரும் சமுதாயக் கூடத்தில் கல்யாணம், காதுகுத்து, வாசகசாலைக் கூட்டம் என்று மாதத்தில் பத்து நாளாவது ஆட்கள் கூடுவதால், கட்டடத்தின் வயரிங் முழுவதையும் சோதித்துத் தரும்படி பாலக்காட்டு ஒப்பந்ததாரர் ஒருவரைக் கடந்த மார்ச் மாதம் அழைத்தோம். பொள்ளாச்சியில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டு, கட்டணமும் குறைவு. ஆயினும் எல்லைக்கு இப்பால் கேரள மின் உரிம வாரியத்தின் உரிமம் பெற்றவரே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் 8,500 ரூபாய்க்கு இவரிடமே ஒப்படைத்தோம். அரசின் மின் ஆய்வுத் துறை செய்யும் ஆய்வுக்கு இது மாற்று அல்ல என்பதை ஒப்பந்ததாரரே முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சோதிக்க வந்தவர் முதலில் பார்த்தது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிகளை. அவர் வருவதை அறிந்த எங்கள் காவலர், முந்தின நாள் மாலையே குழிக்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவைத்திருந்தார். மண் ஈரமாக இருப்பதைக் கண்டு காரணம் கேட்ட அவர், அன்று அந்தக் குழியை அளக்க மறுத்து, வேறு கட்டணம் கேட்காமல் அடுத்த வாரம் மீண்டும் வந்தார். கணவாய்க் காற்றில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் இந்தக் கிழக்குப் பகுதியில், மழைக்காலத்தில் எடுத்த அளவு பங்குனி வெயிலுக்குப் பொருந்தாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மழையில் எடுத்து மெயின் போர்டின் மேல் ஒட்டியிருந்த எர்த் தடை 3.8 ஓம், உலர்ந்த மண்ணில் 14 ஓமாக ஏறியிருந்தது; இந்தத் தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூலிக்கு வேலை செய்பவர் வேறொருவராக இருந்தால் ஈர மண்ணின் அளவையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்து, வயரின் உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் கருவியில் 500 வோல்ட் வைத்து ஒவ்வொரு சர்க்கியூட்டையும் சோதித்தார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கியது மேடைக்குப் பின்னால் போகும் ஒரே வரிசைதான். எலி கடித்த இடத்தையும் அன்றே கண்டுபிடித்துக் காட்டினார். ஆனால் இந்தச் சோதனையில் எங்களுக்கு உண்மையான பயன் தந்தது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் பற்றி அவர் சொன்னது. மாதந்தோறும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, சுவிட்ச் விழுகிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் நாங்கள். அந்தப் பட்டன் கருவிக்குள் இருக்கும் பொறிமுறையை மட்டுமே சோதிக்கிறது என்பதும், பிளக்கில் எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் அது விழும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. சோதனைக் கருவியைப் பிளக்கில் செருகி 30 மில்லி ஆம்பியர் கசிவைச் செலுத்தினால் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். சமையற்கூடத்தில் கிரைண்டர் செருகும் பிளக்கில் அது விழவேயில்லை. திறந்து பார்த்தால், எர்த்துக்கான பச்சை வயர் எங்கும் இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. "பட்டன் அமுக்கினா விழுதுன்னு நம்பி இருக்காதீங்க சார்" என்று பாலக்காட்டுத் தமிழில் அவர் சொன்ன இந்த ஒன்றுக்கே கட்டணம் தகும்.

குறைகளும் உண்டு. மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஒரு பார்வையோடு விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வரும் அலங்காரக்காரர்கள் இழுக்கும் சீரியல் செட்டும், வீடியோ விளக்குகளின் வயரும் சோதனைக்குள் வராது என்றார். கட்டடத்தின் வயரிங்கில் சேராதவை என்ற அவர் கணக்கு சரிதான். ஆனால் 2004 ஜனவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஸ்ரீரங்கம் திருமண மண்டபத் தீ, வீடியோ விளக்குக்கான மின் இணைப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குப் பரவியதுதான். எனவே வெளியார் எந்தப் பிளக்கில் எவ்வளவு இழுக்கலாம் என்றாவது எழுதித் தந்திருக்கலாம்.

பெரிய குறை அறிக்கையில் இருந்தது. 11 பக்கமும் ஆங்கிலத்தில், சுருக்கம் மட்டும் மலையாளத்தில். கூடத்தைத் திறந்து மெயின் சுவிட்சைப் போடுபவர் எங்கள் காவலர். அவர் படிப்பது தமிழ் மட்டும். எந்தப் பிளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அவர் அறிய வழியில்லை. தமிழில் ஒரு பக்கம் கேட்டதற்கு, அப்படி ஒரு படிவம் இல்லை என்றே பதில் வந்தது. பிறகு சோதித்தவரையே தொலைபேசியில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய தாளைத்தான் மெயின் போர்டுக்கு அருகில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த மார்ச்சில் இவர்களையே அழைப்போம். தமிழ்ப் பக்கம் இல்லாவிட்டால் கட்டணத்தில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வோம் என்று இப்போதே சொல்லியாயிற்று.