வால்பாறைக் குளிரில் விசிஐ காகிதம்: ஒரு ஃபிட்டரின் கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேனுங்க. உங்கள் பட்டறையில் இறுக்கி மூடுகிற டிராயரோ டப்பாவோ இருந்தால் விசிஐ காகிதம், அதாவது இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்துத் தாள், வாங்குங்கள். எல்லாச் சாமானும் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது, ஷெல்ஃபுக்குக் கதவே கிடையாது என்றால் வாங்காதீர்கள். காசு வீண்.

நான் இருப்பது வால்பாறை மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறை. வீடு பொள்ளாச்சி. ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு உலகம். கீழே மார்கழியில் ஒரு பனியனும் துண்டும் போதும். மேலே காலையில் ஸ்பேனரைத் தொட்டால் விரல் விறைக்கும். பட்டறையில் ஒரு பழைய லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சிடிசி ரோலருக்குப் பல் வெட்டுகிற மில்லிங், சேசிங் மெஷின்கள், அவற்றுக்கான வெட்டுக் கருவிகளான ஹாப், கட்டர், அப்புறம் அளக்கிற மைக்ரோமீட்டர், வெர்னியர், மரை வெட்டுகிற டேப், டை, துளையைச் சீராக்குகிற ரீமர். ரோலரைச் சுற்றி இருக்கிற பல் கொஞ்சம் மழுங்கினாலும் தேயிலைத் தூளின் தரம் மாறிவிடும். அதனால் கட்டர் முனையில் துரு என்பது எங்களுக்கு அழகுப் பிரச்சினை இல்லை.

மழையில் துரு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரில் மழையே இல்லாமல் வருவதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த லேத்துப் பெட், அதாவது லேத்தின் அடிப்பாகம், அத்தனை எடை இரும்பு. அது சீக்கிரம் சூடாகாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறி, பள்ளத்தாக்கிலிருந்து ஈரக் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக உள்ளே வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வேர்ப்பது போல பெட் முழுக்க வேர்க்கும். குளிர்காலத்தில் கொழுந்து வரத்தும் குறைவு, டிரையர் ஓடும் நேரமும் குறைவு, அதனால் கட்டடத்தில் இருக்கிற சூடும் கிடைக்காது. காற்றில் ஈர அளவு 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கிற வேகம் கூடிவிடும். மேலே பனி இறங்கிய நாளில் அது 90-க்குக் கீழே வருவதே அபூர்வம்.

காகிதத்துக்கு வருகிறேன். பார்க்க மளிகைக்கடை பழுப்புத் தாள் மாதிரிதான். ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். அந்த மருந்து மெதுவாக ஆவியாகி, மூடிய இடத்துக்குள் நிறைந்து, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உட்காரும். ஈரமும் ஆக்சிஜனும் இரும்போடு சேர்ந்து வேலை செய்வதை அந்தப் படலம் தடுக்கும். எண்ணெய் தேவையில்லை, வெளியே எடுத்த பிறகு துடைக்கத் தேவையில்லை. எடுத்த கையோடு கட்டரை மாட்டி ஓட்டலாம். 1940-களிலேயே வந்த சங்கதி. நம்மூரில் பம்ப், வால்வு, மோட்டார் பாகம் கப்பலில் அனுப்புகிறவர்கள் எத்தனையோ வருஷமாகப் பயன்படுத்துகிறார்கள். சின்னப் பட்டறைக்காரர்களுக்குத்தான் பழக்கமில்லை.

இதை ஹார்டுவேர் கடையில் தேடாதீர்கள். கோயமுத்தூரில் அட்டைப்பெட்டி, ஸ்ட்ராப்பிங் ரோல், பபுள் ஷீட் விற்கிற பேக்கிங் சாமான் கடைக்குப் போங்கள். நான் போன கடையில் முதலில் நம்பவே இல்லை.

"ஏனுங்ண்ணா, எக்ஸ்போர்ட்டுங்களா?"

"இல்லீங் தம்பி, டூல்ஸ் டிராயருக்குங்."

"டிராயருக்கா? நீங்க ரோலே எடுக்கோணுமேங்."

கொஞ்சம் பேசிய பிறகு கிலோக் கணக்கில் வெட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். கிலோ முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) காகிதம் ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 14 சதுர மீட்டர். இரண்டடி நீள டிராயருக்குக் கால் சதுர மீட்டர் போதும். கணக்குப் போட்டால் டிராயருக்கு ஐந்தாறு ரூபாய். ஆன்லைனில் இதையே அழகான பாக்கெட்டில் போட்டுப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அந்தக் கடைத் தம்பி ஒரு நல்ல விஷயமும் செய்தார்: எது மருந்துப் பக்கம் என்று காட்டி, பித்தளை, செம்பு ஏதாவது உள்ளே வைப்பீர்களா என்று கேட்டார். இரும்புக்கு மட்டும் என்று செய்த காகிதம் பித்தளையைக் கறுக்க வைக்கலாம். கலந்து வைக்கிறவர்கள் மல்டி மெட்டல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

விற்பவர் சொன்னார், நான் நம்பினேன் என்று இருக்க முடியாதுங்களே. மார்கழி பிறந்ததும் மைல்டு ஸ்டீல் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, சர்ஃபேஸ் கிரைண்டரில் பளபளப்பாக்கி, ஸ்பிரிட்டில் துடைத்து, பட்டறையின் வடக்கு மூலையில், அதாவது அதிகம் குளிர்கிற மூலையில் வைத்தேன். பொங்கல் கழித்து எடுத்தேன்.

ஒன்றும் பூசாத துண்டு முதல் வாரத்திலேயே புள்ளி விட்டது. கடைசியில் முழுக்கச் சிவப்பு. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்த துண்டு ஆரம்பத்தில் ஜோராக இருந்தது, போகப் போக ஓரங்களில் புள்ளி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே உலோகத்தின் மேலிருந்து தண்ணீரைத் தள்ளத்தான். நனைந்த சாமானைக் காப்பாற்ற அதை அடிச்சுக்க ஆள் இல்லை. மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் அந்தக் கம்பெனியே வேறு டப்பா விற்கிறது. மெஷினின் வழுக்குப் பாதைக்குப் போடுகிற ஸ்லைட்வே ஆயில் தடவிய துண்டு சுத்தமாக இருந்தது, ஆனால் தேயிலைத் தூசி முழுக்க அதில் ஒட்டி ஒரு கறுப்புப் பசை. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் விசிஐ காகிதம் சுற்றிய துண்டு கிரைண்டரிலிருந்து எடுத்த மாதிரியே இருந்தது. முகம் பார்க்கலாம்.

இதுக்கு மேல் ஒன்று. அதே காகிதத்தில் சுற்றித் திறந்த ஷெல்ஃபில் வைத்த துண்டும் இருந்தது. அதன் கதி, ஒன்றும் பூசாததைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஆவி காற்றோடு போய்விட்டால் அப்புறம் அது வெறும் பழுப்புத் தாள். டிராயரைச் சும்மா சும்மா திறந்து மூடினாலும் அதே கதைதான். தினமும் கை போகிற டிராயருக்கு இது தாங்காது. வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற டேப், ரீமர், ஸ்பேர் கட்டருக்குத்தான் சரி. காகிதத்துக்கும் சாமானுக்கும் நடுவே ஓர் அடிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. ஆழமான பெட்டி என்றால் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று.

வைக்கும் முன் துடைப்பது முக்கியம். காகிதம் ஏற்கெனவே இருக்கிற துருவை எடுக்காது, கைரேகையில் இருக்கிற வேர்வை உப்பையும் ஒன்றும் செய்யாது. சிலர் கை பட்டாலே இரும்பு ரேகை ரேகையாகத் துருப்பிடிக்கும். எங்கள் பட்டறைத் தம்பிக்கு அப்படி ஒரு கை. அவனிடம் மைக்ரோமீட்டர் கொடுத்தால் திருப்பி வாங்கும்போதே பனியன் வேஸ்ட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். திருப்பூர் புண்ணியத்தில் அந்தத் துணிக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை.

சிலிக்கா ஜெல்லும் வாங்கினேன். இதற்கு மதிப்பெண் பாதிதான். நன்றாக உறிஞ்சும், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் பிடிக்கும், சரி. ஆனால் பிடித்து முடித்த பிறகு அது சும்மா கல். வால்பாறையில் அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வெயிலில் காய வைத்தால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். 110, 120 டிகிரி சூடு வேண்டும். எங்களிடம் வெல்டிங் ராடு காய வைக்கிற ஓவன் இருப்பதால், உள்ளே ராடு இல்லாத நேரம் பார்த்து அதில் வைத்து எடுக்கிறேன். பக்கத்திலேயே தேயிலை டிரையர் அதே சூட்டில் ஓடுகிறதே என்று ஒருத்தர் கேட்டார். ஜனங்கள் குடிக்கிற பொருள் போகிற இடத்தில் அதைக் காட்டுவேனா? வீட்டுச் சமையல் பாத்திரமும் வேண்டாம். நீலத்திலிருந்து ரோஸாக மாறுகிற ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நல்லதில்லை. ஆரஞ்சு ரகம் கேளுங்கள். மைக்ரோமீட்டர், அளவு சரிபார்க்கிற ஸ்லிப் கேஜ் பெட்டிக்குள் ஒரு சின்னப் பை போடுவதற்கு ஜெல் சரியான சாமான். பெரிய டிராயருக்கு இல்லை.

வாங்கும் செலவு அதிகம் இல்லாத வைத்தியம் பழைய மேஸ்திரி ஒருத்தர் பீரோவுக்குள் வைத்த 60 வாட் குண்டு பல்பு. பலர் சிரிப்பார்கள், கணக்கு சிரிக்காது. 15 டிகிரியில் 95 சதவீத ஈரம் உள்ள காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரையும் வெளியே எடுக்காமலே ஈர அளவு 65-க்கு வந்துவிடும். இரும்பும் காற்றைவிடச் சூடாக இருப்பதால் வேர்க்காது. தினமும் எடுக்கிற சாமானுக்கு, காகிதம் தோற்கிற இடத்தில், இதுதான் ஜெயிக்கிறது. ஆனால் பல்பு பீரோவில் விசிஐ காகிதம் போடாதீர்கள், சூட்டில் மருந்து சீக்கிரம் பறந்துவிடும். எண்ணெய்த் துணி, ஸ்ப்ரே டப்பா இரண்டும் அந்தப் பீரோவுக்குள் இருக்கவே கூடாது. பல்பைச் சுற்றி ஒரு கம்பி வலை போட்டுவிடுங்கள்.

லேத்துப் பெட்டுக்கு இதில் எதுவும் ஆகாது. அங்கே பழைய முறைதான்: ஷிஃப்ட் முடிந்ததும் சுருளைத் தட்டி, கூலண்ட் ஈரத்தைத் துடைத்து, ஸ்லைட்வே ஆயில், மேலே துணி. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நான் வீட்டில் கிழிந்த பவானி ஜமுக்காளத்தை மேலே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். கனமான பருத்தி, காற்று போய்வரும். அம்மா இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பூசுவதற்கு வேஸ்ட் எஞ்சின் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறது என்று பலர் அதைத்தான் தடவுகிறார்கள். எஞ்சினில் ஓடின எண்ணெயில் எரிபொருள் எரிந்த அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும். காப்பாற்றப் போய் கறை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கிறது, அதை உளியில் எங்கே தடவ. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில், சார்ஜ் ஏறுகிற பேட்டரி இரண்டையும் பட்டறையை விட்டு வெளியே வையுங்கள். அந்தப் புகை இருக்கிற அறையில் எந்தக் காகிதமும் நிற்காது.

மலையிலிருந்து சாமானைக் கீழே கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சியில் இறங்கியதும் மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இரும்பு இன்னும் வால்பாறைக் குளிரில்தான் இருக்கும். திறந்த நிமிஷம் வேர்க்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும். மேலே பட்டறையிலும் அப்படித்தான், காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்காமல் இரும்பு கொஞ்சம் சூடேறும் வரை பாதியில் நிறுத்துகிறோம்.

நான் எழுதியது எல்லாம் மார்கழி, தை மாதத்துக் கணக்கு. வால்பாறைக்கு ஜூனில் தென்மேற்கு மழை இறங்கினால் விஷயமே வேறு. பக்கத்துச் சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் ஒன்று. அதற்குள் டிராயர்களுக்கு ரப்பர் பீடிங் ஒட்டி, காகிதத்தைப் புதிதாக மாற்ற வேண்டும். அந்த மழையில் இது எத்தனை நாள் நிற்கிறது என்பதை ஆடி கழித்து எழுதுகிறேனுங்க.