ஃபெல்டன்கிரைஸ்: மெதுவாக அசைந்து பழகியதில் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

சில வருடங்களாக ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி செய்துவருகிறேன். பெயர் வாயில் நுழையாது. செய்வதைப் பார்த்தாலோ ஒன்றுமே செய்யாதது போல இருக்கும். பாய் விரித்துப் படுத்து, ஒலிப்பதிவில் வரும் குரல் சொல்கிறபடி இடுப்பையோ தோளையோ ஓர் அங்குலம் நகர்த்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வியர்க்காது, மூச்சு வாங்காது. "என்னடி, படுத்துக்கிட்டே எக்சர்சைஸா?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்தும் வலது தோளும் இறுகிக் கிடந்ததால்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

இதை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். பாரிஸில் பொறியியல் படித்தார், பிரெஞ்சு அணு விஞ்ஞானி ஃபிரெடரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், ஜூடோவில் கருப்புப் பட்டை வாங்கினார். முழங்கால் காயம் படுத்தியபோது அறுவை சிகிச்சைக்குப் போகாமல், தான் எப்படி நடக்கிறோம், எடையை எந்தக் காலில் போடுகிறோம் என்று அணு அணுவாகக் கவனித்து ஒரு முறையை வகுத்தார். இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் எழுபது வயதைத் தாண்டியபின் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் 1957ஆம் ஆண்டுப் புகைப்படம் புகழ்பெற்றது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்ய வேண்டும்? தலையில் அரிசி மூட்டை இருக்கும்போது அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்தால் தெரியாது; வெறுந்தலையில் உட்கார்ந்தால் உடனே தெரியும். தசையில் முறுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சின்ன வித்தியாசம்கூட உணர்வில் படும். பயிற்சி முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

உதாரணத்துக்கு, கடிகாரப் பாடம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். இடுப்பின் பின்பக்கத்தில் ஒரு கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: இடுப்பின் மேல்விளிம்பில் 12, வால் எலும்பில் 6, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. தரையில் அழுந்தும் இடத்தை முதலில் 12இலிருந்து 6க்கும் திரும்பவும் உருட்டுகிறோம். அப்புறம் ஒவ்வொரு எண்ணாக வட்டம் சுற்றுகிறோம். எளிதுதானே என்று தோன்றும். எனக்கு 4க்கும் 5க்கும் நடுவே இடுப்பு வழுக்கித் தாவிவிடும். அங்கே போகும்போது தாடை இறுகுவதும் மூச்சு நிற்பதும் பல வாரங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தை அழுத்திச் சரிசெய்யச் சொல்வதில்லை. வட்டத்தைச் சின்னதாக்கு, வேகத்தைக் குறை, நடுவில் ஓய்வெடு என்பார்கள். அப்படிச் சுற்றச் சுற்ற ஒருநாள் தாவல் தானாக மறைந்தது. எழுந்து நின்றபோது இரண்டு பாதங்களும் தரையில் அகலமாகப் பதிந்திருந்தன.

சில பாடங்களில் ஒரு பக்கத்தை மட்டும் செய்யச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஒரு தோள் கீழே, மறுதோள் மேலே என்று கோணலாக நடந்து சமையலறைக்குப் போவது தனி வேடிக்கை. வித்தியாசத்தை உணரத்தான் இந்த ஏற்பாடு.

பலன் பாயில் இருக்கும்போதைவிட மற்ற நேரத்தில்தான் அதிகம் தெரிந்தது. ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க இப்போது கழுத்தை மட்டும் ஒடிப்பதில்லை, விலா எலும்புகளும் சேர்ந்து திரும்புகின்றன. மாதத்தில் 20ஆம் தேதி நெருங்கி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நெருக்கடியில் வலது தோள் காதை நோக்கி ஏறும். முன்பு சாயங்காலம் வலித்தபின்தான் தெரியும். இப்போது ஏறும்போதே தெரிகிறது, இறக்கிக்கொள்கிறேன். வலி அடியோடு போய்விட்டதா? இல்லை. வருகிறது, ஆனால் தங்குவதில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. பாடம் நடக்கும்போதே வந்துவிடுவதுதான் சிக்கல்.

குறைகளும் உண்டு. இதனால் தசை வலுவாகாது, எடை குறையாது, மாடிப்படி ஏறினால் இரைப்பதும் நிற்காது. அதற்கு நடையும் எடைப் பயிற்சியும் தனியாக வேண்டும். ஒரு பாடம் முக்கால் மணி நேரம் ஓடும். பொறுமையில்லாத நாளில் எரிச்சல்தான் மிஞ்சும். நல்ல பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மாவுக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கைகளால் தொட்டு வழிநடத்தும் தனிப் பாடமும் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 20 சோதனைகளை அலசியது. முதியவர்களின் சமநிலைக்கு நம்பிக்கை தரும் முடிவுகள் இருந்தன, ஆனால் பல சோதனைகளின் தரம் போதவில்லை. 2019இல் ஆஸ்திரேலியா தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகைப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. அப்போது யோகாவும் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையும் சேர்ந்தே நீக்கப்பட்டன. ஆகவே சர்வரோக நிவாரணி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கால் மரத்துப்போவது, கையில் வலுவிழப்பு போன்றவை இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் கடிகாரப் பாடத்திலிருந்தே தொடங்கலாம். மெத்தை வேண்டாம், அமுங்கிவிடுவதால் தரையின் அழுத்தம் தெரியாது. ஜமுக்காளம் போதும், தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வலித்தால் அசைவைப் பாதியாக்குங்கள். அப்படியும் வலித்தால் மனதுக்குள் மட்டும் செய்து பாருங்கள், அதுவும் பாடத்தில் சேர்த்திதான்.