பூவைக் காக்கப் புத்தகமா, கயிறா, சிலிக்கா ஜெல்லா, ரெசினா?

பூவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அந்த அளவுக்கு நிறம் தங்கும். நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறினால், இதழுக்குள் இருக்கும் நொதிகளுக்கு அவகாசம் கிடைத்துப் பழுப்பு ஏறிவிடும். எனவே வீட்டில் பூவைப் பதப்படுத்தும் முறைகளை ஒப்பிடும்போது, ஈரத்தை எவ்வளவு விரைவாக எடுக்கிறது, வடிவத்தை எவ்வளவு காக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

நீடித்து நிற்பதில் அழுத்தி உலர்த்தும் முறைக்கு இணையில்லை. தாவரவியலாளர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படித்தான் செடிகளைத் தாள்களுக்கிடையே உலர்த்திச் சேர்த்து வருகிறார்கள். பல நூறாண்டு பழைய மாதிரிகள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. பான்சி, சங்குப்பூ, டெய்சி போன்ற தட்டையான, மெல்லிய பூக்களுக்கு இதுவே போதும். வழவழப்பில்லாத தாள்களுக்கு நடுவே பூவை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் சில நாட்கள் ஈரம் ஏறிய தாளை மாற்றி வந்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் உலர்ந்துவிடும். தாளை மாற்றச் சோம்பல்பட்டால் பூஞ்சை பிடிக்கும். ரோஜாவை முழுதாக அழுத்தினாலோ, நடுப்பகுதி ஈரமாகவே நின்று அழுகும்; இதழ்களைத் தனித்தனியே பிரித்து அழுத்த வேண்டியதுதான்.

தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதற்குச் செலவே இல்லை. இலைகளைக் களைந்து, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்று முதல் மூன்று வாரம் விட்டால் போதும். ஆனால் இதழ்கள் சுருங்கும். சிவப்பு ரோஜா கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். வாடாமல்லிக்கும் லாவெண்டருக்கும் மட்டும் இந்த முறையை நான் தயங்காமல் சொல்வேன். வாடாமல்லியில் நாம் நிறமாகக் காண்பவை காகிதம் போன்ற பூவடிச் செதில்கள் என்பதால், அவற்றில் இழப்பதற்கு ஈரம் அதிகமில்லை. தமிழில் அந்தப் பூவுக்கு வைத்திருக்கும் பெயர் எவ்வளவு பொருத்தமானது!

ரோஜா போன்ற அடுக்குப் பூவை அதன் உருவத்தோடு வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு என் முதல் பரிந்துரை, ஈரத்தை உறிஞ்சும் துகள்களான சிலிக்கா ஜெல். குண்டுமணிகளாக வருவது இதழில் தழும்பு பதிக்கும் என்பதால், சர்க்கரை போன்ற பொடி மணலாக இருப்பதையே வாங்க வேண்டும். ஈரங்காட்டும் நீலநிற வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. டப்பாவின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, காம்பை ஓர் அங்குலமாக நறுக்கிய பூவை நிமிர்த்தி ஊன்றி, சிறு கரண்டியால் முதலில் பூவைச் சுற்றிலும், பிறகு ஒவ்வோர் இதழின் உட்புறத்திலுமாகத் தூவிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் பாரம் தாங்காமல் இதழ்கள் மடங்கி, மடங்கிய வாக்கிலேயே உலர்ந்துவிடும். தூசு மூச்சில் ஏறாமலிருக்க முகக்கவசம் அணிய வேண்டும். காற்றுப்புகாமல் மூடிவைத்து, மூன்று முதல் ஏழு நாட்களில் மெதுவாகச் சாய்த்துக் கொட்டினால், ஓரங்கள் சுருண்ட அதே வளைவோடு ரோஜா வெளியே வரும். நிறம் ஓரிரு படி அடர்ந்திருக்கும், தொட்டால் காகிதம்போல் சரசரக்கும். இதழிடுக்கில் ஒட்டிய துகள்களை மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்பதால், செலவு முதல்முறை மட்டுமே. இதற்குப் பதிலாக நன்கு காய்ந்த மெல்லிய மணலும் உதவும். ஆனால் அது தானாக ஈரத்தை இழுப்பதில்லை, வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே செய்கிறது என்பதால் கூடுதல் நாட்கள் பிடிக்கும்.

கிளிசரின் பூவுக்கானதல்ல, இலைக்கானது. ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து காம்பை நிறுத்தினால் இலைகள் மெத்தென்று இருக்கும், ஆனால் நிறம் மாறும்.

ஊற்றியபின் இறுகிக் கண்ணாடிபோலாகும் திரவமான ரெசினைப் பதப்படுத்தும் முறையாக நினைப்பது தவறு. அது ஒரு பேழை மட்டுமே. உள்ளே போகும் பூ ஏற்கெனவே முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். இதழ்கள் சரசரத்ததை நம்பி ஒரு ரோஜாவை ரெசினுக்குள் இட்டுவிட்டேன். காம்பு சேரும் தடித்த அடிப்பகுதியில் நின்றுபோன ஈரம், சில வாரங்களில் பழுப்பாக இதழ்களுக்குள் ஏறியது. கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்த பூவை வெளியே எடுக்க வழியே இல்லை. இதழைத் தொட்டுப் பார்ப்பதைவிட, நுண்ணிய எடைகாட்டியில் நாளுக்கொரு முறை நிறுத்து, எடை குறைவது நின்றதா என்று பார்ப்பதே நம்பகமானது. எபாக்சி வகை ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் சொல்லப்பட்ட விகிதம் பிசகாமல் கலக்க வேண்டும். இறுகும்போது சூடேறும் என்பதால் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இத்தனையும் செய்த பிறகும் வெயில் பட்டால் ரெசின் மஞ்சளாகும்.

எந்த முறையானாலும் வெளிச்சம் நிறத்தைத் தின்னும். சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி எளிதில் மாறக்கூடியது; செண்டுமல்லியின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் உலரும்போது அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்; வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் பழுப்பு கலந்த தந்த நிறத்துக்குப் போய்விடும். காற்றிலுள்ள ஈரமும் விடாது. சிலிக்கா ஜெல்லில் உலர்ந்த பூ அதைத் திரும்ப உறிஞ்சித் துவளும். ஆகவே அடுத்த ரோஜாவை ரெசினுக்குக் கொடுக்காமல், இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிக் குடுவைக்குள், அடியில் கொஞ்சம் சிலிக்கா ஜெல் பரப்பி, வெயில் எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.