மூன்று அறுவடைகள் கண்ட பிரிக்ஸ் மானி: ஒரு மதிப்பீடு

ஒயின் திராட்சை பயிரிடத் தொடங்கும் பலரும் முதலில் வாங்கும் அளவுக்கருவி, கையில் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான். மூன்று அறுவடைப் பருவங்களாக நான் பயன்படுத்திவருவது, பழச்சாற்றின் சர்க்கரையைப் பிரிக்ஸ் என்னும் அலகில் 0 முதல் 32 வரை அளக்கக்கூடிய, வெப்பநிலை வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் சாதாரண வகை. மின்கலமோ திரையோ இதற்குக் கிடையாது. பழத்தைப் பிழிந்து இரண்டு மூன்று துளிச் சாற்றைக் கண்ணாடிப் பட்டகத்தின் மேல் விட்டு, மூடியை மெல்ல இறக்கி, வெளிச்சத்தை நோக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் மேற்பகுதி நீலமாகவும் கீழ்ப்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே விடை. கோடு 23-இல் நின்றால், அந்தச் சாற்றின் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் சர்க்கரை இருக்கிறது என்றும், அது முழுமையாக நொதித்தால் சுமார் 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும் என்றும் கொள்ளலாம்.

கருவி என்ற அளவில் எனக்கு இதன்மேல் பெரிய குறையில்லை. உலோக உடல் உறுதியாக இருக்கிறது, கண் வைக்கும் இடத்து ரப்பர் இன்னும் விரியவில்லை, கோடு கூர்மையாகத் தெரிகிறது. ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில், பெட்டியிலிருந்து எடுத்தபடியே சோதிக்காமல் பயன்படுத்திவிட்டேன். பத்து நாள் கழித்து வாலை வடிநீரை விட்டுப் பார்த்தபோது, பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு 1.2-இல் நின்றது. அதுவரை 22 என்று நான் எழுதிவைத்தவை அனைத்தும் உண்மையில் 21-க்கும் கீழே இருந்திருக்கின்றன. மேலே உள்ள சிறு திருகைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் பிழைதான் இது. ஆனால் உடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான், அதுவும் கடைசிப் பக்கத்தில். தானியங்கித் திருத்தமும் 10 முதல் 30 டிகிரி வரைதான் நம்பத்தக்கது. ஆகவே உச்சிவெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் கருவியில் சாற்றை ஊற்றாமல், காலையிலேயே, நிழலில் நின்று பார்ப்பதே நல்லது.

கருவி சரியான எண்ணைத் தந்த பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. சென்ற பருவத்தில் ஒரே நாள் காலை, ஒரே வரிசைக் கொடிகளின் கிழக்குப் பக்கக் குலைகளையும் மேற்குப் பக்கக் குலைகளையும் தனித்தனியே அளந்தேன். இரண்டுமே 23 காட்டின. வாயில் போட்டுப் பார்த்தபோது அவை ஒரே தோட்டத்துப் பழம் என்று சொல்லவே முடியவில்லை. கிழக்குப் பக்கத்தில் தோல் கருநீலமாக, விரலில் சாயம் ஒட்டும் அளவுக்கு நிறமேறியிருந்தது; இனிப்புக்குப் பின்னால் தெளிவான புளிப்பு இருந்தது. மேற்குப் பக்கத்துப் பழங்களில் சில சுருங்கத் தொடங்கியிருந்தன, தோல் செம்பழுப்பாகத் தெரிந்தது, இனிப்பு மட்டும் நாக்கில் தட்டையாக நின்றது. பிற்பகல் வெயில் நேராக விழும் குலையின் வெப்பம், சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் உயரக்கூடும். சுமார் 35 டிகிரியைத் தாண்டினால், தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் உருவாவது தடைப்படுகிறது. பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலமும் வேகமாகக் குறைந்துபோகிறது. சர்க்கரையோ பெரும்பாலும் இலைகளிலிருந்து வருவது என்பதால், குலை எவ்வளவு வெந்தாலும் எண்ணில் அது தெரியாமல் போய்விடலாம்.

இதற்கு நேர்மாறானது அடர்ந்த இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் குலை. அங்கும் சர்க்கரை ஏறும். ஆனால் நிறம் மங்கலாக இருக்கும், புளிப்பு மிகும். கபர்னே சோவின்யோன் போன்ற வகைகளில், மெத்தாக்சிபைரசின் என்னும் சேர்மத்தால் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனையும் விடாமல் நிற்கும். காய் சிறிதாக இருக்கும்போதே உருவாகும் அந்த வாசனை, குலைமேல் வெளிச்சம் படப் படக் குறைகிறது. ஆகவே காய் திரளத் தொடங்கியதும் காலைவெயில் படும் பக்கத்து இலைகளை மட்டும் கிள்ளி, பிற்பகல் வெயில் படும் பக்கத்தை விட்டுவைப்பது நான் கண்ட மிக எளிய மருந்து.

பழுக்கும் பருவத்தில் இரவுகள் எப்படி இருக்கின்றன என்பதற்கும் இந்த மானியில் இடமில்லை. காய் மிருதுவாகி நிறம் மாறத் தொடங்கும் செங்காய்ப் பருவத்திலிருந்து அறுவடை வரை, பொதுவாக ஆறு வாரத்துக்கு முன்னோ பின்னோ, பழத்துக்குள் சர்க்கரை சேர்கிறது. அதே நேரத்தில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துச் செலவிடுகிறது. புளிப்பு தரும் மற்றொரு அமிலமான டார்டாரிக் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. இரவு குளிர்ந்திருந்தால் அந்தச் செலவு குறைந்து புளிப்பு தங்குகிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் சர்க்கரை ஏறி முடிவதற்குள் புளிப்பு போய்விடுகிறது. 1944-இல் கலிஃபோர்னியாவில் அமெரின், விங்க்ளர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் 10 டிகிரியை எவ்வளவு தாண்டுகிறது என்பதைக் கூட்டி, திராட்சை நிலங்களை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். எந்த நிலத்துக்கு எந்த வகை ஒத்துவரும் என்று தேர்ந்தெடுக்க அந்தக் கணக்கு இன்றும் உதவுகிறது. ஆயினும் பகல் கொதித்து இரவு குளிரும் இடமும், பகலிரவு இரண்டும் மிதமாக இருக்கும் இடமும் அதில் ஒரே கூட்டுத்தொகையைப் பெறக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்தக் கருவி என்னை அதிகம் குழப்பியது. இரண்டாம் ஆண்டு அறுவடைக்குச் சற்று முன்பு தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தது. 22 காட்டிய வரிசை 20.5-க்கு இறங்கியது. கொடி பின்னோக்கிப் பழுக்கிறதா என்ன என்று திகைத்துப்போனேன். உண்மையில் சர்க்கரை எங்கும் போகவில்லை. பழங்கள் நீரேறி உப்பியிருந்தன, அவ்வளவுதான். வானம் தெளிந்து ஐந்தாறு நாளில் எண் மீண்டும் ஏறியது. ஆனால் அதற்குள் நெருக்கமான குலைகளில் பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வறட்சியில் இதற்கு எதிரானது நடக்கும். காய் பிடித்த பின் மிதமான நீர்க்குறைவு நல்லதுதான். பழம் சிறுத்து, சாற்றுக்குத் தோலின் பங்கு கூடி, நிறமும் துவர்ப்பு தரும் டானினும் செறிகின்றன. அது கடுமையானால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ள, சர்க்கரை உற்பத்தியே நின்றுவிடுகிறது. அப்போதும் மானி ஏறுமுகமாகவே காட்டலாம், பழம் வற்றுவதால். ஏறத்தாழ 24, 25 பிரிக்ஸுக்கு மேல் தெரியும் உயர்வில் பெரும்பங்கு, நீர் வெளியேறியதால் வந்த செறிவே. அந்தக் கட்டத்தில் எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன், நூறு பழங்களை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். எண் ஏற எடை இறங்கினால் கொடி எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

கொடி எவ்வளவு சுமக்கிறது என்பதும் முக்கியம். ஒரு கிலோ பழம் ஒழுங்காகப் பழுக்க ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு வெயிலில் இருக்க வேண்டும். கவாத்தில் தாராளமாகக் கண் (மொட்டு) விட்டுவைத்ததால் குலைகள் மிகுந்துபோன என் கடைசி இரண்டு வரிசைகள், மற்றவை 23-ஐத் தொட்டபோது 19-இலேயே நின்றன. மண்ணின் பங்கைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்லலாம்: ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில், செங்குத்தான சரிவின் கருஞ்சாம்பல் பலகைக்கற்கள் பகல் வெப்பத்தைத் தேக்கிக் குளிர்ந்த தட்பவெப்பத்திலும் ரீஸ்லிங் என்னும் திராட்சை வகை பழுக்கத் துணைசெய்வது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு.

எனவே இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் ஒரு குலையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து அளப்பதால் பயனில்லை. வரிசையின் இரு பக்கமும், குலையின் தோள், நடு, நுனி என்று கலந்து குறைந்தது நூறு பழமாவது எடுத்து, ஒன்றாகப் பிழிந்து, அந்தச் சாற்றையே அளக்க வேண்டும். கூடவே புளிப்பைப் பார்க்க ஒரு நல்ல பிஎச் மானியும் வேண்டும். நொதித்தல் தொடங்கிவிட்டால் ஆல்கஹால் கலந்து ஒளிவிலகல் மாறிவிடுவதால், அதன்பின் இந்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மிதவை அடர்த்திமானிதான் கைகொடுக்கும். திரையில் எண் காட்டும் மின்னணு வகையையும் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கண் மங்கியவர்களுக்கு அது வசதி, மற்றபடி இரண்டும் ஒரே விடையைத்தான் தந்தன. இப்போது நான் நூறு பழத்தைப் பிழிந்த பிறகு விதைகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கிறேன். 23 காட்டியும் விதை பச்சையாக வழுவழுத்தால், பழம் இன்னும் முதிரவில்லை என்று கத்தரிக்கோலை மறுபடியும் மாட்டிவைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வருகிறேன்.